போர்குண்ட் மரத் தேவாலயம் எதனால் நிற்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் நார்வே நாட்டின் போர்குண்ட் மரத் தேவாலயத்தைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஐரோப்பியக் கட்டடக்கலை என்றாலே பாரிஸ், ரோம் என்று பெருநகரங்களையே சுற்றிவருவது வழக்கமாகிவிட்டது. அதை விட்டு, லார்டால் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர் தனக்கென்று எழுப்பிக்கொண்ட கோயிலை எடுத்து எழுதியதே நல்ல காரியம். ஆனால் தடித்த எழுத்தில் அச்சான ஒரு வரி அந்தக் கட்டுரையின் மற்ற நல்ல செய்திகளை எல்லாம் மூடி மறைத்துவிட்டது: ‘ஓர் ஆணிகூட அடிக்காமல், 840 ஆண்டுகளாக யார் கையும் படாமல் நிற்கும் வைக்கிங் அதிசயம்.’

இதில் வைக்கிங், அதாவது பழைய வடபுலக் கடலோடிகளின் காலத்தது, என்பது தவறு. ஆணியைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை. ‘யார் கையும் படாமல்’ என்பதோ உண்மைக்கு நேர் எதிர். பனி பொழியும் ஊரில் மரக்கட்டடம் தானாக நிற்பதில்லை. தலைமுறை தலைமுறையாக யாரோ ஏணி வைத்து ஏறித் தார் பூசினார்கள். உளுத்த சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் வைத்தார்கள். அப்படி எடுத்து மாட்டத் தோதாக அதைக் கட்டியவர்கள் முதலிலேயே யோசித்துக் கட்டியிருந்தார்கள். அதனால் நிற்கிறது. இதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. இந்தத் தேவாலயத்தின் மரங்களில் சிலவற்றின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அவை 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. நார்வேயில் கிறிஸ்தவத்தை நிலைநாட்டியவர்களில் ஒருவரும் பின்னர் புனிதராகப் போற்றப்பட்டவருமான அரசர் ஓலாவ் ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்தது 1030இல். வைக்கிங் காலம் 1066ஆம் ஆண்டோடு முடிந்ததாகத்தான் வரலாற்று நூல்கள் பொதுவாகக் கணக்கிடுகின்றன. ஆக, போர்குண்டில் கோடரி விழுந்தபோது நார்வே கிறிஸ்தவ நாடாகி ஐந்தாறு தலைமுறைகள் ஆகிவிட்டன. கோயில் அப்போஸ்தலர் அந்திரேயாவுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது.

கூரை முகடுகளில் வாய் பிளந்து நிற்கும் டிராகன் தலைகளைப் பார்த்துத்தான் பலரும் வைக்கிங் கோயில் என்று சொல்லிவிடுகிறார்கள். அதே கூரையின் கீழடுக்கு முகப்புகளில் சிலுவைகள் நிற்பதையும் பார்க்க வேண்டும். மேற்கு வாசல் நிலையில் அடியில் உள்ள விலங்கின் வாயிலிருந்து கொடி கிளம்பி மேலே ஏறுகிறது. உச்சியில் சிறகு விரித்த டிராகன்கள் அந்தக் கொடியோடு பின்னிக் கடித்துக்கொண்டு கிடக்கின்றன. சோங்ன், வால்ட்ரெஸ் வட்டாரங்களில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலய வாசல்களுக்கென்றே உருவான செதுக்கு மரபு இது. பழைய வடபுலத்துக் கைவண்ணம் அதில் கலந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் செதுக்கியவர் கிறிஸ்தவக் கோயிலுக்குத்தான் செதுக்கினார்.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒன்று உண்டு, அது என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. சுவர்களில் ரூன் எனப்படும் பழைய வடபுல எழுத்துக் கீறல்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘ஆவே மரியா’ என்று இருக்கிறது. இன்னொன்றை வெட்டியவர் தோரிர் என்ற வழிப்போக்கர். ஓலாவ் திருநாள் மாலையில் இவ்வழியே போனபோது இதைச் செதுக்கியதாகச் சொல்லிவிட்டு, நார்ன்கள் நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள், எனக்குப் பெருந்துன்பத்தை வகுத்தார்கள் என்று முடிக்கிறார். நார்ன்கள் என்போர் ஊழை வகுக்கும் பழைய தெய்வப் பெண்கள். புனிதரின் திருநாளன்று, தேவாலயச் சுவரில், தன் விதியை நொந்துகொண்ட ஒருவரின் குரல் அது. கிழக்கு நார்வேயையும் மேற்கு நார்வேயையும் இணைக்கும் ஃபிலெஃபியெல் மலைவழி இந்தக் கோயிலை ஒட்டித்தான் போனது. அதனால் உள்ளூர்க்காரர் மட்டுமின்றி, கடந்து போனவர்களும் இங்கே தங்கள் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். கம்பங்களை நிறுத்திக் கட்டும், ஸ்டேவ் சர்ச் எனப்படும் இந்த வகைக்கு முன்னால் வடநாடுகளில் எழுந்த மரத் தேவாலயங்களில் தூண்களை நேரடியாக மண்ணில் குழி தோண்டி நட்டார்கள். மண்ணுக்கு வெளியே உள்ள பகுதி எவ்வளவு திடமாக இருந்தாலும், மண்மட்டத்தில் ஈரமும் காற்றும் ஒன்றுசேரும் அந்த ஒரு சாண் உயரத்தில் மரம் உளுத்துவிடும். தூண் அறுந்தால் கட்டடம் சாயும். உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1979இல் சேர்க்கப்பட்ட உர்னெஸ் தேவாலயத்தின் தரைக்கு அடியிலும் இப்படி நட்ட பழைய தூண்களின் குழிகள் கிடைத்திருக்கின்றன. இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் தூணை மண்ணிலிருந்து தூக்கி, கல்லின்மேல் கிடத்திய சட்டத்தில் நிறுத்தும் முறை. போர்குண்டின் ஆயுள் ரகசியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கட்டும் வரிசை இப்படி. கற்களை அடுக்கி மட்டம் பார்த்து, அவற்றின்மேல் நான்கு கனத்த அடி உத்திரங்களைக் கிடத்தினார்கள். இரண்டு கிழக்கு மேற்காக, இரண்டு வடக்கு தெற்காக. ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் பாதிக்குப் பாதி செதுக்கிப் பொருத்தினார்கள். குறுக்கிட்ட இடத்தைத் தாண்டியும் அவற்றின் நுனிகள் நான்கு பக்கமும் வெளியே நீண்டிருக்கும். நடுவில் அமையும் நீள்சதுரத்தின் மேல் உள்தூண்கள் ஏறும். வெளியே நீண்ட நுனிகளின் மேல் வெளிச்சுவரின் அடிச்சட்டங்கள் அமரும். ஆக, உள்கூடும் வெளிக்கூடும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன. எந்த மரமும் மண்ணைத் தொடுவதில்லை.

வெளிச்சுவரின் மூலைகளில் உருண்டை மூலைத்தூண்கள். இவற்றின் அடிமுனையை வெறுமனே கழுந்து (துளையில் சொருகும் மெல்லிய முனை) வெட்டிச் சொருகவில்லை. தூணின் அடியைக் குடைந்து, இரண்டு அடிச்சட்டங்கள் சேரும் மூலையின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். மழைநீர் தூணின் வெளிப்பக்கமாக வழிந்து கீழே போகுமே தவிர, மூட்டுக்குள் இறங்காது. இவ்வளவு சின்ன வேலையில் எத்தனை யோசனை இருக்கிறது என்பதைத் தச்சுத்தொழில் தெரிந்தவர்கள் உடனே உணர்வார்கள்.

இரண்டு மூலைத்தூண்களுக்கு நடுவே சுவர்ப்பலகைகள் செங்குத்தாக நிற்கும். அடிச்சட்டத்தின் மேல்முகத்தில் நீளக் காடி (வெட்டிய பள்ளம்) ஒன்று ஓடும். பலகையின் அடி அதில் இறங்கும். பலகைக்குப் பலகை நாக்கும் காடியுமாகக் கோத்துக்கொள்ளும். எல்லாம் நின்றபின், அடிப்பக்கம் காடி வெட்டிய மேல்சட்டத்தைத் தலையில் இறக்கினால் சுவர் முழுதும் ஒரு சட்டத்துக்குள் அடைபட்டுவிடும். சுவரில் ஆணிக்கு வேலையே இல்லை. கட்டுரையாளர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான்.

பலகையைச் செங்குத்தாக நிறுத்துவதில் இன்னொரு லாபம் உண்டு. மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. தடிகளைப் படுக்க வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர் காயக் காய உயரம் குறைந்து கீழே இறங்கும். கதவு நிலைகள் சிக்கிக்கொள்ளும். நிமிர்ந்து நிற்கும் கம்பமோ உயரம் மாறாது. அகலத்தில் சுருங்கும் பலகை, ஆணி அடிக்காததால் காடிக்குள் தாராளமாக நகர்ந்துகொள்ளும், வெடிக்காது. நாக்கு போதிய ஆழத்துக்கு இறங்கியிருந்தால் இடைவெளியும் விழாது. ஆகையால் ஆணியில்லாமை ஏதோ நேர்த்திக்கடன் அன்று. மரம் அசைய இடம் விடும் தொழில் அறிவு.

உள்ளே, உயர்ந்த நடுக்கூடத்தைச் சுற்றித் தனித்து நிற்கும் தூண்கள் 12. இவ்வளவு உயரமான தூண்களை நிறுத்திவைத்தால் காற்றடிக்கும்போது ஆடாதா என்று கேட்கலாம். ஆடாமல் இருக்க மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. பாதி உயரத்தில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு கிடைச்சட்டங்கள் தூண்களை இடுக்கிபோல் கவ்விப் பிடிக்கும். சற்று மேலே இன்னொரு இணை. கீழ் இணைக்கும் மேல் இணைக்கும் நடுவே, தூணுக்குத் தூண் பெருக்கல் குறி வடிவில் குறுக்குக் கட்டைகள் போகும். இவற்றை அந்திரேயா சிலுவை என்கிறார்கள். கோயில் அவர் பெயரில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, மற்ற ஸ்டேவ் தேவாலயங்களிலும் இதற்கு இதே பெயர்தான். மூன்றாவதாக, தூணும் சட்டமும் சேரும் மூலைகளில் வளைவுத் தாங்கிகள். இந்த வளைவுகளை நேர்மரத்தில் அறுத்து எடுக்கவில்லை. அடிமரமும் வேரும் சேருமிடத்தில் நார் இயல்பாகவே வளைந்து ஓடும். அந்தத் துண்டைத் தேடி எடுத்துச் செதுக்கினார்கள். நேர்மரத்தில் வளைவு அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, பாரம் ஏறியதும் பிளந்துவிடும். இயற்கை வளைவில் நார் முழுநீளத்துக்கும் அறாமல் வருவதால் பிளவு விழாது.

பக்கவாட்டுச் சிறு கூரைகளின் கைமரங்களும் நடுத்தூண்களுக்கு முட்டுக் கொடுக்கின்றன. உச்சிக் கூரையின் கைமரங்கள் கத்தரிக்கோல் விரித்ததுபோல் ஒன்றையொன்று வெட்டிப் போய், எதிர்ச்சுவரை எட்டுகின்றன. அடியில் ஒரு விட்டம் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. கூரை செங்குத்தாக இருப்பதால் பனி தங்காமல் சரிந்து விழும். பாரத்தைக் கூரை சுவரின்மேல் தள்ளுவதில்லை, தூண்கள் வழியாக அடி உத்திரத்துக்கும் கல்லுக்கும் இறக்கிவிடுகிறது. அதனால்தான் வெளிச்சுவரில் ஒரு பலகை பழுதானாலும் கட்டடம் நிலைகுலையாமல் அதை மட்டும் கவனிக்க முடிகிறது.

கட்டடத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தைக் கட்டுரையாளர் ‘அழகுக்காகச் சேர்த்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். அந்தத் தாழ்வாரம்தான் கோயிலின் குடை. உளுத்துப்போகக்கூடிய இடங்களில் முதலிடம் அடிச்சட்டத்துக்கு. பலகையின் வெட்டுமுகம் அதன் காடிக்குள் இறங்குகிறது. மரத்தின் வெட்டுமுகம் பக்கமுகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். காடியில் நீர் தேங்கினால் பலகையின் அடியும் சட்டமும் ஒருசேரக் கெடும். தாழ்வாரம் இந்த வரிசை முழுவதையும் சாரலிலிருந்து மறைக்கிறது. கூரையிலிருந்து சரியும் பனியும் சுவரடியில் குவியாமல் தள்ளி விழுகிறது. வெயிலையும் மழையையும் தாழ்வாரத்தின் தூணும் பலகையும் வாங்கிக்கொள்கின்றன. அவை கெட்டால் மூலக்கட்டடத்தைத் தொடாமலே மாற்றிவிடலாம்.

மரத்தின் தரமும் சேர்ந்துகொண்டது. பைன் மரம்தான், ஆனால் வைரம் பாய்ந்த பைன். மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருங்கி, உள்மரம் பிசினால் நிறைந்தது. வெளிமரத்தைப் பூஞ்சை எளிதில் பிடிக்கும், உள்மரத்தை லேசில் பிடிக்காது. இடமும் சாதகமானது. கடலிலிருந்து வரும் மழையை மேற்கு மலைகள் தடுத்துவிடுவதால், மேற்கு நார்வேயிலேயே லார்டால் உலர்ந்த பள்ளத்தாக்கு. இதே கட்டடம் மேற்குக் கரை நகரான பெர்கனின் ஓயாத மழையில் நின்றிருந்தால், இதே கவனிப்பு போதியிருக்குமா என்பது நியாயமான கேள்வி.

அடுத்து, தார். இது சாலைக்குப் போடும் தார் அன்று. பைன் வேரிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் வடிப்பது. மரம் வெட்டியபின் அடிக்கட்டையை மண்ணிலேயே சில ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். வெளிமரம் மக்கிப்போய், பிசின் ஏறிய உள்மரம் மட்டும் மிஞ்சும். அதைத் தோண்டி எடுத்து, சிறு சிறு சிராய்களாகப் பிளந்து காயவைப்பார்கள். சரிவான இடத்தில் புனல் வடிவக் குழி வெட்டி, அடியில் பூர்ச்ச மரப் பட்டை விரித்து, சிராய்களை நெருக்கமாக அடுக்கி, மேலே புல்தரைக் கட்டிகளால் மூடி, ஓரத்தில் தீ வைப்பார்கள். தீ கொழுந்துவிட்டு எரியக் கூடாது. காற்று அதிகம் போனால் தாரே எரிந்துபோகும், மிகக் குறைந்தால் தீ அணைந்துவிடும். நாள்கணக்கில் ஆள் கூடவே இருந்து, விரிசல் விழும் இடத்தில் புல்கட்டி வைத்து அடைக்க வேண்டும். குழியின் அடிக்குழாயில் முதலில் தண்ணீர்போல வரும், அப்புறம் மெல்லிய தார், பிறகு கெட்டித் தார்.

பூசுவதிலும் பக்குவம் இருக்கிறது. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், வெயிலடிக்கும் கோடை நாளாக இருக்க வேண்டும், தாரைச் சூடாக்கியிருக்க வேண்டும். மெல்லிய பூச்சாக, மரத்துக்குள் ஊறும்படி தேய்த்துப் பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே காயாமல் கிடந்து, அடுத்த வெயிலில் உருகி வழியும். ஈர மரத்தின்மேல் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். கோடையில் போர்குண்டைச் சுற்றி நடப்பவர்கள் தெற்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெயில் விழும் தெற்கில் தார் உருகி வழிந்தும் ஒளியில் சிதைந்தும் போவதால் மரம் செம்பழுப்பாகத் தெரியும். வடக்கில் பழைய பூச்சுகள் அப்படியே தங்கிக் கன்னங்கரேலென்று இருக்கும். ஆகவே எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் பூசுவது தவறு. தெற்குக்கு அடிக்கடி வேண்டும். வடக்கில் மேலும் மேலும் பூசினால் பொருக்குத் தட்டிப் பெயர்ந்து, பெயர்ந்த இடத்தில் நீர் இறங்கும்.

கூரையில் ஓடுபோல வேயும் மரச் சில்லுகளையும் சொல்ல வேண்டும். இன்று காணும் மீன்செதில் வடிவச் சில்லுகளுக்கு முன்னால், தொடக்கத்தில் கூரை நீளப்பலகைகளால் வேயப்பட்டிருந்தது. நல்ல சில்லு ரம்பத்தால் அறுத்ததன்று, நாரோடு பிளந்தது. ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டி ஆயிரக்கணக்கான வாய்களைத் திறந்துவிடும். ஒவ்வொன்றும் நீர் குடிக்கும். பிளந்த சில்லில் நார் மூடியே இருப்பதால் நீர் மேலோடு வழிந்துவிடும். ஒரு வரிசையின் இடைவெளிமேல் அடுத்த வரிசைச் சில்லின் நடுப்பகுதி வரவேண்டும். இந்தக் கணக்கு தவறினால் ஒழுகும். கூரைச் சில்லும் முகட்டு அலங்காரமும் எப்போதும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டிய உறுப்புகள். அவற்றைக் காட்டி ‘840 ஆண்டுப் பழைய மரம்’ என்று எழுதுவது சரியாகாது. தூண், சட்டம், சுவர்ப்பலகை ஆகிய முக்கிய உறுப்புகளில் பெரும்பகுதி மூல மரம் என்பதே போர்குண்டின் பெருமை, அதுவே போதும்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது எந்த மரக்கட்டடத்துக்கும் பொருந்தும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கவைக்கும் பூஞ்சை பிழைக்காது. ஆகவே பராமரிப்பு என்பது முழுக்க முழுக்க ஈரத்தை வெளியேற்றும் வேலை. தேவாலய முற்றத்தில் நூற்றாண்டுக்கணக்காகப் பிணங்களைப் புதைப்பதால் மண்மட்டம் மெல்ல உயரும். கல்லடுக்கு மூழ்கி, அடிச்சட்டத்தை மண் தொட்டுவிடும். அந்த மண்ணை வெட்டி அகற்றி வடிகால் அமைக்காமல் மேலே எத்தனை முறை தார் பூசினாலும் பயனில்லை. குளிர் தாங்காமல் தரையடி இடைவெளிகளை அடைத்தால் காற்றோட்டம் நின்று அடியில் ஈரம் தங்கும். பழைய சுவருக்கு மேல் புதுப்பலகை அடித்து மூடினால் இரண்டுக்கும் நடுவே நீர் சிக்கும். வழிபாட்டில் உள்ள தேவாலயங்களில் ஞாயிறுதோறும் திடீரென்று சூடேற்றி மறுநாள் விட்டுவிடுவது வண்ணச் சித்திரங்களையும் மூட்டுகளையும் பிளக்கும். போர்குண்ட் வழிபாட்டிலிருந்து ஓய்வு பெற்றதால் இந்தக் கடைசித் தொல்லையிலிருந்து தப்பியது.

பழுதான அடிச்சட்டத்தை மாற்றும்போது, கட்டடத்தை ஜாக்கி வைத்து மில்லிமீட்டர் கணக்கில் தூக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் வேகமாகத் தூக்கினால் மேலே உள்ள கழுந்துகள் முறியும். கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில், நார் ஓடும் திசை மாறாமல், சாய்வெட்டு மூட்டுப் போட்டு ஒட்டுப்போடுவதே நல்ல வழி. நார்வேயின் தேசியப் பாரம்பரிய இயக்ககம் 2001 முதல் 2015 வரை நடத்திய திட்டத்தில், எஞ்சியிருக்கும் 28 ஸ்டேவ் தேவாலயங்களையும் இப்படிப் பழைய கைவேலை முறையிலேயே பழுதுபார்த்தார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்கும் இடத்தில் 28தான் எஞ்சின. ஏன் என்பதற்கு விடை மரத்தில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. மேற்கு நார்வேயின் பழைய குலாதிங் சட்டம், கோயில் கட்டியவர் அதைப் பராமரித்தே ஆக வேண்டும் என்கிறது. மூலைத்தூண்கள் விழுந்துவிட்டால் 12 மாதத்துக்குள் புது மரம் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவு கறார். 1349இல் கொள்ளைநோய் வந்து ஊர்கள் காலியாகின. கும்பிட ஆளில்லாத கோயில்கள் சரிந்தன. 1537இல் நார்வே கத்தோலிக்கத்திலிருந்து லூத்தரன் மரபுக்கு மாறிய சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, எஞ்சியவற்றில் உட்காரும் பெஞ்சுகளும் பிரசங்க மேடையும் வந்தன. இருட்டுக் கூடத்துக்குப் பெரிய ஜன்னல்கள் வெட்டப்பட்டன. அதற்குமுன் சுவரின் உச்சியில் சிறு வட்டத் துளைகள் மட்டுமே வெளிச்சம் தந்தன. மக்கள் நின்றுகொண்டே வழிபட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரத் திண்ணை இருந்தது.

இவ்விடத்தில் நம்மூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அந்நாளில் நார்வே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1706இல் லூத்தரன் மதபோதகர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிவைத்தவர் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இன்றும் அவருடைய முத்திரை இருக்கிறது. அதே மன்னர்தான் போர்க்கடனை அடைக்க 1723 முதல் நார்வே ஊர்ப்புறத் தேவாலயங்களைத் தனியாருக்கு விற்றார். வாங்கியவர்கள் காணிக்கை வருமானத்தில் காட்டிய அக்கறையைக் கூரையில் காட்டியது குறைவு. பின்னர் பல ஊர்கள் தங்கள் கோயிலைத் தாங்களே விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய அடி 1851ஆம் ஆண்டுச் சட்டம். பங்கு (தேவாலய வட்டார) மக்களில் பத்தில் மூன்று பேர் உட்கார இடம் இருக்க வேண்டும் என்றது அது. சின்னஞ்சிறு ஸ்டேவ் தேவாலயங்கள் இந்தக் கணக்கில் தோற்றன. இடித்து அந்த மரத்தை விற்றுப் புதிய தேவாலயம் கட்டினார்கள். போர்குண்டிலும் 1868இல் பக்கத்திலேயே புதுத் தேவாலயம் வந்தது. பழையதை நார்வே தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம் 1877இல் வாங்கியதால் தப்பியது. ஓவியர் ஜே. சி. டால் முதலானோர் 1844இல் தொடங்கிய சங்கம் அது. இதே டாலின் முயற்சியால்தான், இடிக்கப்படவிருந்த வாங் தேவாலயத்தைப் பிரஷ்ய மன்னர் 1841இல் வாங்கினார். அது இன்று போலந்தின் கார்பாச் மலையூரில் நிற்கிறது.

சங்கத்தின் கைக்கு வந்த காலத்தில், பிற்காலப் பெஞ்சுகள், ஜன்னல்கள் எல்லாம் அகற்றப்பட்டு இடைக்காலத் தோற்றம் திரும்பியது. உள்ளே இப்போது இருப்பவை சொற்பம்: மாக்கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, பலிபீடம், 17ஆம் நூற்றாண்டுப் பீடச் சித்திரச் சட்டம், 16ஆம் நூற்றாண்டு அலமாரி. இந்த வெறுமையை மூலத்தோற்றம் என்று நம்பிவிடக் கூடாது. இது 19ஆம் நூற்றாண்டினர் செய்த தேர்வு. முந்நூறு ஆண்டு லூத்தரன் வழிபாட்டின் தடங்கள் அதில் போய்விட்டன. இன்று யாரும் இவ்வளவு துடைக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆனாலும் அந்தத் தேர்வுதான், கட்டடத்தின் எலும்புக்கூட்டை நாம் கண்ணால் படிக்கக் கிடைக்கச் செய்தது.

ஆணிக்கு வருகிறேன். மூலச்சட்டத்தை மரக் கழுந்தும் முளையும்தான் பிடித்திருக்கின்றன. கதவில் இரும்பு உண்டு. பிற்காலப் பழுதுபார்ப்புகளில் இரும்பு ஆணிகள் தாராளமாக உண்டு. ‘ஓர் ஆணிகூட’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

கோயிலுக்குப் பக்கத்தில் தனியே நிற்கும் மணிக்கூண்டைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, இதே கம்ப முறையில் கட்டப்பட்டு நார்வேயில் எஞ்சியிருக்கும் ஒரே தனி மணிக்கூண்டு. 1990களில் வெளியே புதுப்பலகை போர்த்தி உள்மரத்தைக் காத்தார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு போர்குண்ட் என்று அச்சான பெரிய படம் போர்குண்ட் இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே, மணிக்கூண்டு இல்லாமல் நிற்கும் அது, ஆஸ்லோவின் பிக்டொய் அருங்காட்சியகத்துக்கு 1880களில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட கோல் தேவாலயம். அதன் உட்கூடு பழையது. வெளித்தோற்றத்தைப் போர்குண்டை மாதிரியாக வைத்து அமைத்தார்கள். அதனால்தான் இந்தக் குழப்பம். வீக் ஊரின் ஹொப்பர்ஸ்டாட் தேவாலயத்தைச் செப்பனிட்டபோதும், ஃபோர்ட்டுனிலிருந்து பெர்கன் அருகே ஃபான்டோஃப்டுக்கு 1883இல் ஒரு தேவாலயத்தைப் பெயர்த்தபோதும் இதே மாதிரிதான். ஃபான்டோஃப்ட் 1992 ஜூன் 6 அன்று தீவைப்பில் எரிந்து, பிறகு 1997இல் முழுதும் புதிதாக எழுந்தது. அதையும் பலர் இடைக்காலக் கட்டடம் என்று படம் போடுகிறார்கள். போர்குண்டைப் படத்தில் அடையாளம் காண எளிய வழி: பின்னால் செங்குத்தான மலைச்சரிவு, சுற்றிலும் கல்லடுக்கு வேலி, பக்கத்தில் அந்த மணிக்கூண்டு. வரும் ஞாயிறு இணைப்பில் சரியான படத்தை வெளியிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய மரக்கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்